டவரைப் பார்த்து மொழியை முடிவு செய்யாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சான்றிதழ், பென்ஷன், வங்கிக் கணக்கு, காப்பீடு, பயிர் இழப்பீடு என்று எல்லாமே இணையப் படிவத்துக்கு மாறிவிட்டன. எல்லையோர மக்கள் அந்தப் படிவங்களில் படும் பாடு தனி வகை. வீடு கூடலூரிலும் கம்பத்திலும், வேலை குமுளி, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களிலும் என்று இருப்பவர்கள் உண்டு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டிப் புனலூர் வரை பிழைப்புக்குப் போகிறவர்கள் உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை பக்கம் தலைமுறை தலைமுறையாக வீட்டில் தமிழ், கையில் கேரள ரேஷன் கார்டு என்று வாழ்கிறார்கள். பள்ளிப்பட்டிலிருந்து ஆந்திரத்தின் நகரிக்கும் புத்தூருக்கும் போய் வருகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. இவர்கள் எல்லாரும் படிவத்தில் சிக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றே. ஓர் ஆளுக்கு ஒரு மாநிலம், ஒரு மொழி, ஒரே விதமாக எழுதிய ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டுதான் படிவத்தைக் கட்டுகிறார்கள். ஆளைக் கேட்க வேண்டிய இடத்தில் படிவம் ஊகிக்கிறது. எங்கே ஊகிக்கிறது, அதை எப்படித் திருத்துவது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களும், அவர்களிடம் வேலை வாங்கும் அதிகாரிகளும் படிக்கும்படி வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் மொழி. தொலைத்தொடர்பில் தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா மூன்றும் தனித்தனி வட்டங்கள். மலைச்சரிவில் நிற்கும் செல்போன் எந்தப் பக்கத்து டவர் பலமாக எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். கூடலூர்க்காரரின் போன் கேரள டவருக்குப் போவதும் திரும்புவதும் ஒரு நாளில் பல முறை நடக்கும். தளம் பார்ப்பதோ ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் சேரும் போனுக்குக் கிடைக்கும் அடையாள எண்ணை. அந்த முகவரி ஆள் நிற்கும் ஊரைச் சொல்லும் என்று உறுதியில்லை. செல்போன் நிறுவனத்தின் நுழைவாயில் கணினி எங்கே இருக்கிறதோ அந்த நகரத்தையே பெரும்பாலும் காட்டும். அதிலிருந்து மாநிலத்தை ஊகித்து, மாநிலத்திலிருந்து மொழியை ஊகித்தால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு மலையாளப் பக்கமோ தெலுங்குப் பக்கமோ திறக்கிறது. மொழி மாற்றும் பொத்தான் இருந்தாலும், அதுவும் மலையாளத்தில் எழுதியிருந்தால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஐபியை விட நல்ல குறிப்பு ஒன்று தளத்துக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும், இந்த ஆள் விரும்பும் மொழிகள் இவை என்று ஒரு வரிசையையும் சேர்த்தே அனுப்புகிறது. ஆனால் தமிழ் படிப்பவர்களிலும் பலர் போன் அமைப்பை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதால், அதையும் முடிந்த முடிவாக எடுக்கக் கூடாது. முதல் பக்கத்தை எந்த மொழியில் காட்டுவது என்பதற்கு மட்டும் அது போதும். மற்றபடி மொழித் தேர்வு ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தமிழைத் தமிழ் எழுத்திலும், மலையாளத்தை மலையாள எழுத்திலும், தெலுங்கைத் தெலுங்கு எழுத்திலும் எழுத வேண்டும். உலக உருண்டைப் படத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. மொழியை மாற்றினால் அதே பக்கம், அதே இடம், நிரப்பியதெல்லாம் அப்படியே நிற்க வேண்டும். பல தளங்களில் மொழி மாற்றியதும் முகப்புக்குப் போய்விடுகிறது. பாதி நிரப்பிய படிவம் போச்சு. தமிழ்ப் பக்கத்துக்குத் தனி முகவரி இருந்தால், வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பும் லிங்க் அடுத்தவருக்கும் தமிழிலேயே திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாநிலமும் மொழியும் இரண்டு தனிக் கேள்விகள். ‘மாநிலம் கேரளா, மொழி தமிழ்’ என்ற சேர்க்கையைத் தளம் இயல்பாக ஏற்க வேண்டும். பீர்மேடு, தேவிகுளம் தோட்டங்களில் இருப்பவர்களின் நிலைமை அதுதான்.

தமிழ்ப் பக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் மட்டும் போதாது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிய தளங்களில் ‘ஸ்டேட்’ என்பது மாநிலத்துக்குப் பதில் ‘நிலை’ ஆகிறது, ‘இஷ்யூ டேட்’ என்பது வழங்கிய தேதிக்குப் பதில் ‘பிரச்சினை தேதி’ ஆகிறது, முகப்புக்குப் போகும் பொத்தான் ‘வீடு’ என்று நிற்கிறது. இதைத் தவிர்க்க அகராதி போதாது, ஆவணங்களின் பெயர் தெரிந்த ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர், கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர். இங்கே பட்டா, சிட்டா, அடங்கல். அங்கே கரம் கட்டிய ரசீதும் தண்டப்பேர் எண்ணும். இரு மாநிலத்தாரும் பயன்படுத்தும் வங்கி, காப்பீட்டுப் படிவத்தில் ‘நில உரிமைச் சான்று’ என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் எந்தக் காகிதம் என்று தெரியாது. பக்கத்திலேயே ‘தமிழ்நாடு: பட்டா, கேரளா: கரம் ரசீது’ என்று எழுதிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்தது பெயர். விண்ணப்பம் தள்ளுபடியாவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து, இரண்டையும் கட்டாயமாக்கும் வழக்கம் குடும்பப் பெயர் உள்ள நாடுகளிலிருந்து வந்தது. நமக்கு இனிஷியல்தான். அதை நாம் பெயருக்கு முன்னால் போடுகிறோம், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால் போடுகிறார்கள். ஆந்திரத்தில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். இரண்டு பெட்டிப் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ பெட்டியில் ஒற்றை எழுத்தைப் போட்டால், ‘குறைந்தது 3 எழுத்து வேண்டும்’ என்று திருப்பி அனுப்புகிறது. உடனே ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை அடிக்கிறார், வேறொருவர் புள்ளி வைத்துத் தப்பிக்கிறார். படிவம் போய்விடும். ஆனால் சில மாதம் கழித்து வேறொரு அலுவலகத்தில் ஆதாரோடு ஒப்பிடும்போது ‘பெயர் பொருந்தவில்லை’ என்று வந்து நிற்கும்.

பெயருக்கு ஒரே பெட்டி போதும். அதன் மேலே ‘முழுப் பெயர், ஆதாரில் உள்ளபடி’ என்று எழுத வேண்டும். ஒற்றை எழுத்து, புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் அனுமதிக்க வேண்டும். ஒப்பிடும் நிரல் இன்னும் முக்கியம். கேரளப் பள்ளிச் சான்றிதழில் ‘முருகன் எம்’, தேனியில் எடுத்த ஆதாரில் ‘எம். முருகன்’, வங்கிப் புத்தகத்தில் ‘முருகன் மாரியப்பன்’ என்று ஒரே ஆள் மூன்று விதமாக இருப்பார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் மூன்றும் மூன்று ஆட்கள். புள்ளியையும் இடைவெளியையும் வைத்துப் பெயரைத் துண்டுகளாக்கி, துண்டுகளின் வரிசையைப் பொருட்படுத்தாமல், ஒற்றை எழுத்தை நீளத் துண்டின் முதல் எழுத்தோடு பொருத்திப் பார்த்தால் மூன்றும் ஒன்று என்று தெரிந்துவிடும். தமிழில் ‘மா. முருகன்’ என்று எழுதியிருந்தால், ஆங்கில எழுத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிட வேண்டும். அப்படியும் பொருந்தாதவற்றைத் தானாகத் தள்ளுபடி செய்யாமல் ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்புங்கள். இயந்திரம் ‘இல்லை’ என்று சொன்ன பிறகு, மலையிறங்கி இரண்டு பஸ் மாறி அலுவலகம் போய் நிற்க வேண்டியது விண்ணப்பதாரர்தான்.

முகவரிப் பெட்டிகளும் நகரத்துத் தெருவை மனதில் வைத்தே வருகின்றன. கேரளத்தில் கட்டட எண் என்பது வார்டு எண், சாய்கோடு, வீட்டு எண் என்று வரும், 4/312 என்பது போல. வார்டை ரோமன் எண்ணில் எழுதுவதும் உண்டு. நம் பக்கம் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் நடுவே அதே சாய்கோடு. ‘சிறப்புக் குறிகள் கூடாது’ என்று படிவம் அதை மறுக்கிறது. திருட்டுக் கட்டளைகளைத் தரவுத்தளத்துக்குள் நுழைய விடாமல் தடுக்கவே குறிகளைத் தடை செய்கிறோம் என்பார்கள். அதற்குச் சரியான காப்பு வேறு: தரவுத்தளத்துக்குத் தளம் இடும் கட்டளை வாக்கியத்தையும், ஆள் அடித்த மதிப்பையும் தனித்தனியாக அனுப்புவது. அதைச் செய்துவிட்டால் சாய்கோட்டால் எந்த ஆபத்தும் இல்லை. அதைச் செய்யாமல் குறிகளை மட்டும் தடுத்தால் காப்பும் முழுதாக இல்லை, முகவரியும் முழுதாக இல்லை. எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவருக்குத் தெருவே கிடையாது. எஸ்டேட் பெயர், டிவிஷன், லயத்தின் எண், அவ்வளவுதான். ‘தெருப் பெயர் கட்டாயம்’ என்ற ஒரு வரி அவரை வெளியே நிறுத்திவிடுகிறது. முகவரிக்கு மூன்று வரி கொடுத்து, முதல் வரியை மட்டும் கட்டாயமாக்கினால் யாரும் பொய்யாக எதையும் நிரப்ப வேண்டியதில்லை.

பின்கோடு விஷயத்திலும் இதே ஊகம். 1972இல் வந்த இந்த 6 இலக்க எண், தபால் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தைக் குறிப்பது. வருவாய்க் கிராமத்தைக் குறிப்பதற்காக உருவானதல்ல. கம்பம் 625516, குமுளி 685509. 60 முதல் 64 வரை தொடங்கினால் பெரும்பாலும் தமிழ்நாடு, 67 முதல் 69 வரை பெரும்பாலும் கேரளா என்று தளம் மாவட்டத்தையும் மாநிலத்தையும் முன்கூட்டியே நிரப்பித் தருவது நல்ல உதவிதான். நிரப்பியதை மாற்ற முடியாதபடி பூட்டும்போதுதான் சிக்கல். பூட்டவே கூடாது. தற்போதைய முகவரி இடுக்கியிலும் நிரந்தர முகவரி தேனியிலும் இருப்பது இங்கே சாதாரணம். ‘இரண்டும் ஒன்றே’ என்ற கட்டத்தை முன்கூட்டியே டிக் செய்து வைத்தால், கவனிக்காமல் போகிறவருக்குத் தவறான மாநிலம் பதிவாகும்.

நில அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று மூன்று பகுதியாக, 0.12.50 என்பது போல இருக்கும். படிவம் ஒரே ஒரு புள்ளியைத்தான் ஏற்கும் என்றால், நிரப்புகிறவர் 0.12 என்று நிறுத்திவிடுவார். 50 சதுர மீட்டர் காணாமல் போகும். அல்லது புள்ளியை விட்டுவிட்டு 012.50 என்று அடிப்பார், 12 ஹெக்டேருக்கு மேல் நிலம் இருப்பதாகப் பதிவாகும். சரியான மதிப்பு 0.1250 ஹெக்டேர், அதாவது சுமார் 31 சென்ட். இந்தப் பெட்டியை மூன்றாகப் பிரித்து வைத்து, பக்கத்திலேயே ‘இது சுமார் 31 சென்ட், சரியா?’ என்று காட்டினால் தவறு அங்கேயே பிடிபடும். இரு மாநிலத்து விவசாயிக்கும் சென்ட் கணக்கு மனதில் நிற்கும், ஹெக்டேர் நிற்காது.

எண்களைப் பொறுத்தவரை விதி எளிது: காகிதத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே அடிக்க விடுங்கள், துப்புரவு செய்வதைத் தளம் பார்த்துக்கொள்ளட்டும். ஆதார் எண் 12 இலக்கம், அட்டையில் நான்கு நான்காகப் பிரித்து இடைவெளியோடு இருக்கும். இடைவெளியோடு ஒட்டினால் மொத்தம் 14 இடம். பெட்டி 12இல் நின்றுவிட்டால் கடைசி இரண்டு இலக்கம் வெட்டுப்படும், ‘தவறான எண்’ என்று மட்டும் வரும், காரணம் யாருக்கும் புரியாது. செல்போன் எண்ணுக்கு முன்னால் 0 போட்டாலும் +91 போட்டாலும் ஏற்று, நிரல் அதை நீக்கிக்கொள்ள வேண்டும். வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ் குறியீடு 11 இடம் கொண்டது, அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தாக அடிப்பவர்கள் ஏராளம். ஐந்தாவது இடத்தில் ‘ஓ’ வந்தால் பூஜ்யமாக மாற்றிக்கொள்ளும் ஒரு வரி நிரல் போதும். பிறந்த தேதிக்கு நாட்காட்டிப் படம் வைக்காதீர்கள். 1961க்குப் போக மாதம் மாதமாகப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டி வைத்து, தட்டியதும் எண் விசைப்பலகை மட்டும் திறந்தால் ஆறேழு நொடியில் முடியும் வேலை அது.

தமிழ் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் விதத்தில் உள்ள சில நுணுக்கங்கள், தளம் கட்டுபவர்களில் பலருக்குத் தெரியாமலே போகின்றன. ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகச் சேர்ப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பட்டியலில் ‘கொழிஞ்சாம்பாறை’ ஒரு விதத்தில் இருந்து, தேடுபவர் மறு விதத்தில் அடித்தால் ‘இப்படி ஓர் ஊர் இல்லை’ என்று வரும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் உலகப் பொது முறையான யூனிகோடு, இதற்கென்றே நார்மலைசேஷன் என்ற முறையை வைத்திருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆனால் அது எல்லாவற்றையும் தீர்க்காது. ‘ஔவை’யை ஒகரம், ளகரம் என்று பிரித்து அடித்தால் நார்மலைசேஷன் சேர்த்து வைக்காது. ‘ஸ்ரீ’க்கும் ஸகரத்தில் ஒன்று, ஶகரத்தில் ஒன்று என்று இரண்டு சேமிப்பு உண்டு. ஸ்ரீனிவாசன், ஸ்ரீதேவி என்று எல்லையின் இரு புறமும் எத்தனை பேர்! இவற்றுக்குத் தேடலில் தனியாக விதி எழுத வேண்டும்.

நீளக் கணக்கிலும் இதே கோளாறு. ‘லக்ஷ்மி’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் 7 குறிகள். பரவலாக உள்ள சேமிப்பு முறையில் ஒரு குறிக்கு 3 பைட் (கணினிச் சேமிப்பின் சிறிய அலகு) வீதம் 21 பைட். ‘முத்துலக்ஷ்மி’ 39 பைட். பெயருக்கு 50 பைட் ஒதுக்கிய பழைய தரவுத்தளத்தில் அப்பா பெயரையும் சேர்த்தால் நடுவில் வெட்டுப்பட்டு, சான்றிதழில் கடைசி எழுத்து உடைந்த கட்டமாக அச்சாகும். பெயருக்கு 300 பைட் ஒதுக்கினால் இன்றைய கணினிக்கு அது ஒரு சுமையே அல்ல. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் இருக்கும் அறிவிப்புகளையும் மாற்றியாக வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை குழம்பிய ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தேடினால் கிடைக்காது. பார்வையற்றவருக்குப் படித்துச் சொல்லும் மென்பொருளாலும் படிக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகும் பழைய குறியீட்டில் புதிய கோப்பு போடுவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

ஓடிபி. மலையோரத்தில் இது வந்து சேர நேரமாகும். 30 நொடியில் ‘மீண்டும் அனுப்பு’ பொத்தான் தெரிகிறது, ஆள் அழுத்துகிறார், முதல் எண் செத்துவிடுகிறது. பிறகு முதல் செய்தி வந்து சேர்கிறது, அதை அடிக்கிறார், ‘தவறு’ என்று வருகிறது. மூன்று முறை தவறினால் கணக்கையே பூட்டுகிறார்கள். முதல் எண்ணையும் அதன் காலம் முடியும்வரை செல்லும்படி வைத்தாலே இந்தக் குழப்பம் தீரும். பூட்டுவதானால் எத்தனை நிமிடத்துக்கு என்று எழுதிக் காட்டுங்கள். ஆறு இலக்கத்துக்கு ஆறு குட்டிப் பெட்டி வைப்பது பார்க்க அழகாக இருக்கலாம். ஒட்டவும் முடியாமல், போன் தானாக நிரப்பவும் முடியாமல் அது பல போன்களில் தடுமாறுகிறது. ஒரே பெட்டி போதும். ஒட்டுவதை எந்தப் பெட்டியிலும் தடை செய்யாதீர்கள். குறுஞ்செய்தி தமிழில் இருந்தால் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. செலவு கூடுகிறது என்று தமிழைக் கைவிடுவதை விட, செய்தியைச் சுருக்கி, எண்ணை முதலில் வைத்து எழுதலாம்.

இதில் இன்னொரு சிக்கல் மறைந்திருக்கிறது. 2 ஜிபி, 3 ஜிபி நினைவகம் உள்ள போனில், ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால், இடம் போதாமல் பிரவுசர் அந்தப் பக்கத்தை இறக்கிவிட்டுப் புதிதாகத் திறக்கும். அரை மணி நேரம் நிரப்பியது காலி. டவர் மாறும்போது ஐபி முகவரியும் மாறலாம். லாகினை ஐபியோடு கட்டிவைத்த தளம், வேறு யாரோ நுழைகிறார்கள் என்று நினைத்து வெளியேற்றிவிடும். எல்லையோரத்தில் இது வாடிக்கை. லாகினை ஐபியோடு கட்டாதீர்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சர்வரில் வரைவாகச் சேமித்து, முதல் பகுதியிலேயே விண்ணப்ப எண்ணைக் கொடுத்துவிட்டால், எப்போது அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரவுசருக்குள்ளேயே சேமிப்பது இன்னும் எளிதுதான். ஆனால் இ-சேவை மையம், கேரளத்தின் அக்ஷயா மையம், ஆந்திரத்தின் மீசேவா மையம் போன்ற இடங்களில் ஒரே கணினியில் நூறு பேர் விண்ணப்பிக்கிறார்கள், ஒருவரின் ஆதார் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே சர்வர்தான் சரி. நேரம் முடிந்து வெளியேற்றும் முன் எச்சரித்து, ஒரே தட்டலில் நீட்டிக்க விட வேண்டும், அதற்குக் குறைந்தது 20 நொடி தர வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழி சொல்லும், உலக அளவில் பின்பற்றப்படும் டபிள்யூசிஏஜி விதிகளிலேயே இருக்கிறது.

போட்டோ அப்லோடில் ‘20 கேபிக்கு மேல், 50 கேபிக்குள்’ என்று கேட்கிறார்கள். போனில் எடுக்கும் படம் 3, 4 எம்பி இருக்கும். 4 எம்பி என்பது 50 கேபியைப் போல் 80 மடங்கு. அதைச் சுருக்கக் கடைக்குப் போய்க் காசு கொடுக்கிறார்கள், அல்லது முன்பின் தெரியாத தளத்தில் தங்கள் ஆதார் படத்தை ஏற்றிச் சுருக்குகிறார்கள். பின்னதுதான் பெரிய ஆபத்து. சுருக்குவது தளத்தின் வேலை, அதைப் பிரவுசருக்குள்ளேயே செய்ய முடியும். 3.5 செ.மீ.க்கு 4.5 செ.மீ. பாஸ்போர்ட் படம் என்றால் 276க்கு 354 பிக்சல் போதும், 50 கேபிக்குள் அடங்கிவிடும். ஏ4 ஆவணத்துக்கு 1240க்கு 1754 பிக்சல் இருந்தால் எழுத்து தெளிவாகப் படிக்க வரும். சுருக்கும்போது படத்தோடு வரும் திசைக் குறிப்பையும் கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் முகம் பக்கவாட்டில் படுத்திருக்கும். ‘20 கேபிக்கு மேல்’ என்ற கீழ் வரம்பால் யாருக்கும் பயன் இல்லை, எடுத்துவிடலாம்.

பணம் கட்டும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: விண்ணப்ப எண்ணைப் பணம் கட்டும் முன்பே காட்ட வேண்டும். வங்கியிலிருந்து பக்கம் திரும்பி வந்தால்தான் பதிவாகும் என்று விடாமல், சர்வரே வங்கியிடம் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே விண்ணப்பத்துக்கு இரண்டாம் முறை பணம் எடுக்காதபடி தடுக்க வேண்டும்.

தோற்றத்தில் கவனிக்க வேண்டியவை சில. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1. தோட்டத்து வெயிலில் வெளிர் சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது. பொத்தானுக்கு 24 பிக்சல் என்பது டபிள்யூசிஏஜி விதிப்படி கடைசி வரம்பு. ஏலக்காய் பறித்துக் காய்த்துப்போன விரலுக்கு 48 வையுங்கள். தமிழ் வரி ஒவ்வொன்றுக்கும் எழுத்தின் அளவைப் போல் 1.6 மடங்காவது உயரம் வேண்டும், இல்லாவிட்டால் ‘கூ’, ‘ழு’, ‘கீ’ இவற்றின் வாலும் சுழியும் வெட்டுப்படும். ‘சமர்ப்பிக்கவும்’ என்ற சொல் ஆங்கிலச் சொல்லைப் போல இரு மடங்கு அகலம், ஆகவே பொத்தானின் அகலத்தை எண்ணால் பூட்டக் கூடாது. கேள்வியைப் பெட்டிக்குள் மங்கலாக எழுதாமல் பெட்டிக்கு மேலே எழுதுங்கள், அடிக்கத் தொடங்கியதும் உள்ளே எழுதியது மறைந்துவிடும். பிழைச் செய்தி அந்தப் பெட்டியின் கீழேயே, என்ன தவறு, என்ன அடிக்க வேண்டும் என்று முழு வாக்கியமாக வர வேண்டும். பக்கத்தின் எடையையும் பாருங்கள். நொடிக்கு 400 கிலோபிட் என்றால் 50 கிலோபைட், 3 எம்பி பக்கம் திறக்க ஒரு நிமிடம். அமைச்சர் படமும் ஓடும் பேனரும் படிவப் பக்கத்தில் தேவையே இல்லை.

இவ்வளவையும் செய்த பிறகும் சோதிக்காமல் வெளியிடக் கூடாது. பயன்பாட்டுத் துறையில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்றும், பயன்படுத்துவோர் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பேர் வேண்டும் என்றும் 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்தக் கணக்குப்படி தேனி முகவரியோடு இடுக்கியில் வேலை செய்பவர் மூவர், கேரள ஆவணங்கள் உள்ள தமிழர் மூவர், ஆந்திர எல்லையிலிருந்து மூவர், மையங்களில் மற்றவர்களுக்காக நிரப்பித் தரும் பணியாளர் மூவர் என்று 12 பேர் போதும். இரண்டு நாள் வேலை. அவர்கள் போனையே, அவர்கள் கையிலிருக்கும் காகிதங்களையே வைத்து நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறது, எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார், எந்தக் காகிதத்தைத் தேடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் நம் மக்கள் மரியாதைக்காக ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிவம் திருப்பி அனுப்பினால் ‘சர்வர் டவுன்’ என்று விட்டுவிடாமல் அந்தத் துறைக்கு எழுதுங்கள். ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறை தீர்க்க மனு கொடுக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு தருகிறது. பதில் அதே மொழியில் வரவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை என்றாலும், மனுவைத் தமிழில் எழுதலாம். மனுவில் தேதி, நேரம், எந்த ஊரில் நின்று நிரப்பினீர்கள், எந்தப் பெட்டியில் என்ன அடித்தீர்கள், என்ன செய்தி வந்தது என்று எழுதுங்கள். விண்ணப்ப எண் இருந்தால் அதையும், பிழைச் செய்தியின் ஸ்கிரீன் ஷாட்டையும் சேருங்கள். ஸ்கிரீன் ஷாட்டில் ஆதார் எண் தெரிந்தால் முதல் 8 இலக்கத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இணையப் படிவ வடிவமைப்புப் பணியில் உள்ள வாசகர்,
கூடலூர், தேனி மாவட்டம்.